நிறைமதியை இளைக்கச் சொன்னவர்கள்

காதல் தொடர்கதை எழுதுகிறவள் வாரத்துக்கு மூன்று அத்தியாயம் தர வேண்டும், அதில் ஒன்றிலாவது நாயகி கால் தடுக்கி விழ வேண்டும், நாயகன் ஓடி வந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். எங்கள் தொழிலின் சட்டதிட்டம் மொத்தமே இவ்வளவுதான்.

கைபேசிச் செயலியில் தொடர் எழுதி, பதிவேற்றிய அடுத்த நிமிடத்திலிருந்து பின்னூட்டத்துக்குக் காத்திருக்கும் தோழிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. மாகறலிலிருந்து வரும் பஸ்ஸில் பாதி அத்தியாயம் எழுதுவேன், கடையில் சாப்பாட்டு நேரத்தில் மீதி. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, யாராவது தப்புக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. மூன்று முறை படித்துப் பார்க்காமல் எதையும் அனுப்பமாட்டேன்.

என் முதல் ஒன்பது கதைகளிலும் நாயகிக்குக் கொடியிடை. எழுதியவளுக்கு எழுபத்தொன்பது கிலோ. இதை ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்தாவது கதையின் நாயகி நிறைமதிக்குத்தான் துணிந்து எண்பத்திரண்டு கிலோ கொடுத்தேன். கூட்டுறவு வங்கியில் வேலை, சத்தமான சிரிப்பு, சட்டென்று வரும் கோபம், பட்டு நெய்கிற கதிர் என்றொரு காதலன். கதை பாதி வருவதற்குள் சென்னையில் ஒரு பதிப்பாளர் கூப்பிட்டு, முடிந்ததும் புத்தகமாகப் போடுகிறேன் என்றார். பைபிளையும் என் பாடப் புத்தகங்களையும் தவிர வேறு புத்தகம் இருந்திராத வீடு எங்களுடையது. அதில் என் பெயர் போட்ட புத்தகம் வருவதாக இருந்தது. நடுவில் என்னென்ன நடந்தது என்று கேளுங்கள்.

எண்பது சென்டிமீட்டர்

முதலில் நிறைமதி எங்கிருந்து வந்தாள் என்று சொல்லிவிடுகிறேன். நான் கடையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு பெண் வந்தாள், கூடவே அம்மாவும் சித்தியும். வாட்டசாட்டமான பெண். அரக்கு நிறத்தில் ஒரு புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு புடவையோடு சேர்த்தே நெய்திருக்கும் ரவிக்கைத் துணியை விரித்துப் பார்த்தாள். எண்பது சென்டிமீட்டர். அவளுக்கு அது போதாது. "இதே கலர்ல கொஞ்சம் நீளமா பிளவுஸ் துணி வராதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வரும். நெசவாளரிடம் முன்கூட்டியே சொன்னால் ஒன்றேகால் மீட்டர்கூட நெய்து கொடுப்பார்கள். எனக்கு அது தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் எங்கள் மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் பேசி முடித்ததும் அந்தப் பெண் புடவையைத் தன் கையாலேயே மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். வாடிக்கையாளர் புடவையை மடித்து வைத்து அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: "கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்குது இல்லம்மா, அதுக்குள்ள புடவைக்கு ஏத்த மாதிரி நீங்க ஆயிடலாம்."

தாங்கிப் பிடித்தல்

சட்டப்படி முதல் அத்தியாயத்திலேயே நிறைமதியைக் கோயில் படியில் தடுக்கி விழ வைத்தேன். கதிர் தாங்கிப் பிடித்தான். பின்னூட்டம் குவிந்தது. எல்லாம் கதிரின் முதுகெலும்பைப் பற்றி. ஒருவர் அவன் தோள்பட்டைக்குத் தைலம் சிபாரிசு செய்திருந்தார். இன்னொருவர் அவன் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான் என்று விசாரித்திருந்தார்.

என் ஐந்தாவது கதையின் நாயகன் ஓடுகிற பைக்கில் இருந்தபடியே, பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்த நாயகியை ஒரு கையால் பிடித்தவன். ஏழாவது கதையின் நாயகன், நாயகியைத் தூக்கிக்கொண்டு மலையேறியவன், அதுவும் செல்போனில் பேசிக்கொண்டே. அப்போதெல்லாம் யாருடைய முதுகெலும்பும் பேச்சில் வரவில்லை. கதிரோ தினமும் காலையிலிருந்து தறியில் உட்கார்ந்து மிதித்து உரமேறிய ஆள். படியில் சாய்ந்த ஒருத்தியைப் பிடிக்க அவனுக்கு முடியாதாம். அன்று அதிக விருப்பம் விழுந்தது என் கதைக்கல்ல, கதைக்குக் கீழே வந்த இந்தப் பின்னூட்டத்துக்குத்தான்: "லவ் சீன் வேணான்னு சொல்லல சிஸ், தூக்கற சீனுக்கு மட்டும் ஒரு கிரேன் சொல்லிடுங்க."

சர்க்கரை அளவு

அடுத்து அக்கறையுள்ளவர்கள் வந்தார்கள். கிண்டல் செய்கிறவர்களையாவது முறைக்கலாம், இவர்களை என்ன செய்வது? நான் நோயை வளர்க்கிறேனாம், இளம்பெண்களுக்குத் தவறான வழிகாட்டுகிறேனாம். என் மூன்றாவது கதையின் நாயகன் பக்கத்துக்குப் பக்கம் சிகரெட் பிடித்தான், யாரும் அவன் நுரையீரலை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. "புகையினூடே தெரிந்த அவன் கண்கள், ஐயோ" என்றுதான் உருகினார்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் பயந்துவிட்டேன். ஆறாவது அத்தியாயத்தில், கதைக்குத் துளியும் சம்பந்தமில்லாமல், நிறைமதியின் வங்கியில் ஒரு மருத்துவ முகாம் நடத்தினேன். ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, இதயம் சரி. காதல் கதை எழுதப் போய், காதலிக்கத் தகுதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தோடு விட்டார்களா? அரை மணி நேரத்தில் வந்த முதல் பின்னூட்டம்: "எதுக்கும் வேற லேப்ல ஒருவாட்டி பாக்கச் சொல்லுங்க சிஸ்."

அட்டைப்படம்

செயலியில் கதைக்கு ஒரு அட்டைப்படம் போட வேண்டும். அதற்கென்று இருக்கிற தம்பி அனுப்பிய முதல் படத்தில், ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கு முன்னால் ஈர்க்குச்சி மாதிரி ஒரு பெண் நின்றாள். இவள் நிறைமதி இல்லை என்று எழுதினேன். இரண்டாவது படம் வந்தது. அதே பெண், அதே கோபுரம், படத்தை மட்டும் இரண்டு பக்கமும் இழுத்து விட்டிருந்தார். பெண் பெருத்திருந்தாள், பக்கத்தில் நின்ற கதிர் பெருத்திருந்தான், பின்னால் கோபுரமும் அநியாயத்துக்குப் பெருத்திருந்தது. என்னோடு கடையில் வேலை பார்க்கும் ஷபானா என் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் வாசகி, உடம்பில் என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவள். படத்தைப் பார்த்துவிட்டு, "கோபுரத்துக்கும் ஷுகர் டெஸ்ட் எடுத்துடு" என்றாள்.

சிரித்துவிட்டு அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். ஒழுங்கான படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை என்று கோபமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பாவம், நிஜமாகவே தேடியிருக்கிறார். "மேடம், குண்டா இருக்கிற பொண்ணு டாக்டர் எதிர்ல உக்காந்துக்கினு இருக்கிற படம் நெறைய இருக்குது, எடை மிஷின் மேல நின்னு அழுவுற படம் இருக்குது, சும்மா சிரிச்சிக்கினு நிக்கிற படம் ஒண்ணுகூட இல்ல."

முதல் தலைமுறை

எங்கள் தெருவில் மேரி அத்தை அந்தச் செயலியை வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வெளியே வரும்போது அம்மாவிடம், "உம் பொண்ணு தன் கதையைத்தானே எழுதிக்கினு இருக்குது? வரன் அமையலன்னு ஏக்கமா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்மேல் பாய்ந்தாள். "பி.எஸ்சி. படிச்சவதானே நீ? ஒரு ஒல்லிப் பொண்ணைப் பத்தி எழுத வராதா உனக்கு?"

அப்பா ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். அப்போதுதான் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவருக்கு முந்தைய தலைமுறை வரை எங்கள் ஆட்கள் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். வீட்டில் இருக்கிற ஒரே பழைய போட்டோவில் ஏழு பேர் நிற்கிறார்கள், ஏழு பேருக்கும் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். குடும்பத்தின் முதல் குண்டும் நான்தான், அதற்குச் சான்றிதழ் தருகிற ஆபீஸ் இல்லை. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அம்மாவிடம் சொன்னார்: "நம்ம வூட்ல ஒரு பொண்ணு குண்டா இருக்குதுன்னு ஊரே பேசுதா? அதுக்குத்தான்டி நான் வேன் ஓட்டறேன், கொழம்பை ஊத்து."

மூன்றாவது சேலை

பதினான்காவது அத்தியாயத்தில், கடையில் நான் பார்த்த காட்சியையே நிறைமதிக்கு வைத்தேன். ரவிக்கைத் துணி போதாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிறாள். இதைக் கேள்விப்பட்ட கதிர், தன் தறியில் பாதி நெய்திருக்கும் புடவையில், யாருக்கும் சொல்லாமல் ரவிக்கைத் துணியை அரை மீட்டர் நீட்டி நெய்துவிடுகிறான். வாசகிகள் இதயமாக அனுப்பித் தள்ளினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, கடைக்குப் புடவை கொடுக்க வரும் நெசவாளர் ஏகாம்பரம் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் தறியில் இருக்கும்போது அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் கதையைப் படித்துக் காட்டுவாராம். "தங்கச்சி, கதிர் பண்ணது அநியாயம்மா. ஒரு பாவுல மூணு சேலை. மொத சேலையில அவன் அரை மீட்டரைத் தின்னுட்டான். மூணாவது சேலைக்கு எங்க போவான்? வேற ஒரு பொண்ணுக்கு இல்ல முந்தி கொறையும்?" என்றார். எனக்குக் காது சுட்டது. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடையில் நின்றுகொண்டு நான் எழுதியிருக்கிற லட்சணம் இது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் அளவை முதலிலேயே முடிவு செய்துவிடுவார்கள், பாதியில் இழுக்க அது ரப்பர் இல்லை.

திருத்த உட்கார்ந்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. கதிர் அந்தத் துணியைக் கொடுக்க வேண்டுமென்றால், பாவு போடுவதற்கு முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். அதாவது, அவள் கடைக்குப் போய் அவமானப்படுவதற்கு எத்தனையோ நாள் முன்னால், அவளிடம் காதலைச் சொல்வதற்கும் முன்னால், இவளுக்கு இவ்வளவு துணி வேண்டும் என்று அவன் மனதில் இருந்திருக்க வேண்டும். அப்படியே மாற்றி எழுதினேன். நான் இதுவரை எழுதியதில் உருப்படியான காதல் காட்சி என்றால் அது ஒன்றுதான். அடுத்த முறை வந்தபோது அண்ணன் என்னை முறைத்தார்: "இப்ப கதை சரியா இருக்குதும்மா, ஆனா எங்கூட்டுக்காரி, நீ எனக்காவ எப்பனா பாவை நீட்டிப் போட்டியான்னு கேட்டுக்கினே இருக்கறா, நல்லா மாட்டி வுட்ட நீ."

பாசிட்டிவ்

கடைசி அத்தியாயத்துக்கு முன் பதிப்பாளர் கூப்பிட்டார். மிகவும் மரியாதையானவர், என்னைப் போன்ற சின்னப் பெண்ணையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பாவை நீளமாகப் போடுகிற காட்சியில் தனக்கே கண் கலங்கிவிட்டது என்றார். எனக்குப் பறப்பதுபோல் இருந்தது. "முடிவுல மட்டும் ஒரு சின்ன மாற்றம் பண்ணிடலாம்மா" என்றார்.

கதையில் ஒரு வருடம் கடக்க வேண்டுமாம். நிறைமதி காலையில் நடக்கிறாள், ராத்திரி சோற்றை விடுகிறாள், கதிர் ஊக்கம் கொடுக்கிறான். கல்யாணத்தன்று அவள் மணவறைக்கு வரும்போது எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள், யார் இந்தப் பெண் என்று. "அப்ப கதிர் நீட்டி நெய்ஞ்ச ரவிக்கைத் துணி சார்?" என்று கேட்டேன். "மிச்சமாச்சுன்னா ஒரு சுருக்குப்பை தெச்சிக்கட்டுமே" என்றார். கோபத்தில் கைபேசியையே முறைத்தேன். அது தெரியாமல் அவர் தொடர்ந்தார்: "நம்ம புத்தகமே பாடி பாசிட்டிவ்ங்கம்மா, அப்ப முடிவும் பாசிட்டிவா இருக்கணும் இல்லையா, ஒரு இருபது கிலோ கொறைச்சிடுங்க."

நானும்தான்

இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் குறைத்துவிட்டேன். இருபது கிலோவையும். இரண்டு சாப்பாட்டு நேரம்தான் ஆனது. நிறைமதியை ஓட விட்டேன், சுண்டலும் வெள்ளரிக்காயும் தின்ன வைத்தேன், பத்திக்கு இரண்டு கிலோ வீதம் கழற்றினேன். அப்பா வேனில் வருகிற எல்லோரிடமும் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார் என்பது ஒரு காரணம். அட்டையில் என் பெயரை மனதுக்குள் அச்சடித்துப் பார்த்துவிட்டேன் என்பது இன்னொரு காரணம். பதிப்பாளருக்கு அனுப்பினேன், "அருமை" என்று உடனே பதில் வந்தது. வெள்ளிக்கிழமை செயலியிலும் அதையே போட வேண்டும். வழக்கம்போல ஷபானாவிடம் கைபேசியை நீட்டினேன்.

ஷபானாவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்தவர்கள், டீயைக் குடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வந்து திரும்பப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதற்கு ஆறு மாதம் என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. அதையும் அவள் கடையில் எங்களிடம் ஜோக்காகத்தான் நடித்துக் காட்டினாள். அன்று அவள் சாப்பிட்டுக்கொண்டே படிக்க ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றது. கடைசி வரை படித்தாள். டிபன் பாக்ஸை மூடினாள், உள்ளே பாதி பிரியாணி அப்படியே இருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்: "ஏன் எஸ்தர், இவ இளைக்கலேன்னா கதிர் இவளை வுட்டுட்டுப் போயிருப்பானா?"

ஒரு போன்

கடைக்குப் பின்னால் போய்ப் பதிப்பாளரைக் கூப்பிட்டேன். பேச வேண்டியதைக் கையில் எழுதி வைத்திருந்தேன், வேர்வையில் பாதி அழிந்துவிட்டது.

"சார், நான் அனுப்பின கடைசி அத்தியாயத்தைப் போடாதீங்க. அவ இளைக்க மாட்டா சார்."

"என்னம்மா இது, நல்லாத்தானே வந்திருக்குது?"

"பாவு போடறப்பவே அவன் அவளுக்குன்னு யோசிச்சிட்டான் சார். இப்ப அவளை இளைக்க வெச்சா, அவன் யோசிச்சது தப்புன்னு ஆயிடும்."

அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. தலைவலி மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிக்கிற குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்: "உங்க இஷ்டம்மா, நிறைமதி இளைக்கலேன்னா புத்தகமும் இல்ல, ஒண்ணும் அவசரமில்ல, உங்களுக்கே புரியறப்ப கூப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை செயலியில் வந்த கடைசி அத்தியாயத்தில், எண்பத்திரண்டு கிலோ நிறைமதி தன் கல்யாணப் பந்தியில் இரண்டாவது முறை பாயசம் கேட்டாள். பரிமாறியவர் ஊற்றினார், அவ்வளவுதான், யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஷபானா அதைப் படித்துவிட்டு என் முதுகில் வைத்த அடி இரண்டு நாள் வலித்தது.

புத்தகம் இல்லை என்பதை அப்பாவிடம் சொல்லத்தான் எனக்கு மூன்று நாள் ஆனது. வேனில் எல்லோரும் கேட்பார்களே, என்ன சொல்வார் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. ஒருவழியாகச் சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு, கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிதா?"

புத்தகம் போன கவலையில் நான் இரண்டு கிலோ இளைத்துவிட்டேன், பத்துக் கதை எழுதியும் இந்த ஊரில் எனக்குக் கிடைக்காத பாராட்டு அதற்குத்தான் கிடைத்துக்கொண்டிருக்கிறது.